கும்பகோணத்துப் பையனும் எங்க பத்தாம் வகுப்பும்



ஆண்டு மலருக்கு உன் பங்கா ஏதாவது எழுதிக் குடுடா என்று மன்றச் செயலாளர் கேட்டார். கவிதை எழுத ஏற்கெனவே பெரிய கியூ நிற்குது, ஜோக்குக்கும் ஆள் இருக்கு, உனக்குப் பிடிச்ச ஒரு பெரிய மனிதரோட வாழ்க்கையை எழுது என்றும் சொல்லிவிட்டார். யோசிக்கவே இல்லை. கணித மேதை சீனிவாச ராமானுஜன் என்று சொல்லிவிட்டேன்.

ஐயோ, எல்லாருக்கும் தெரிஞ்ச கதையாச்சேன்னு பக்கத்தைப் புரட்டிடாதீங்க! நான் எழுதப் போவது ராமானுஜனைப் பற்றி மட்டும் அல்ல. அவரோடு படித்தவர்களைப் பற்றியும், அவருக்குச் சோறு போட்ட நண்பர்களைப் பற்றியும்தான். அதற்கு முன்னால் எங்க பத்தாம் வகுப்பைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாகணும்.

எங்க வகுப்பு

நான் படித்தது அம்பத்தூர் பக்கம் ஒரு பள்ளிக்கூடம். படிப்பில் எங்க வகுப்பு சுமார்தான். ஆனால் பொதுக்காரியம் என்றால் முதல் ஆளாய் நிற்போம். மரம் நடுவது, சின்ன வகுப்புப் பிள்ளைகளுக்கு வாய்ப்பாடு சொல்லிக் கொடுப்பது, ஆண்டு விழாவுக்குப் பந்தல்காரருக்கு ஒத்தாசை என்று ஏதாவது ஒன்று நடந்துகொண்டே இருக்கும். பாட்டு, ஓவியம், கபடி, மிமிக்ரி என்று ஆளுக்கொரு திறமை வேறு!

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழை வந்ததே, நினைவிருக்கிறதா? கொரட்டூர், பட்டரவாக்கம், எஸ்டேட் பக்கமெல்லாம் தண்ணீர் நின்றது. பிள்ளைகளின் புத்தகம் நோட்டெல்லாம் ஊறிப் போச்சு. எங்க வகுப்பு சேர்ந்து பழைய பேப்பர் விற்றும், வீடு வீடாய்க் கேட்டும் நோட்டுப் புத்தகம், போர்வை, பிஸ்கட் எல்லாம் சேர்த்தோம். சேர்த்தாச்சு, எப்படிப் பிரித்துக் கொடுப்பது? ஒரு தெருவுக்கு இரண்டு தடவை போய், இன்னொரு தெருவை விட்டுவிட்டால் சண்டை வரும்.

அப்போதுதான் கடைசி பெஞ்சில் இருந்த ஒருத்தன் ஒரு ரஃப் நோட்டில் கட்டம் போட்டான். எந்தத் தெரு, எத்தனை வீடு, வீட்டுக்கு எத்தனை பிள்ளை, மூணு சைக்கிளில் எத்தனை நடை என்று அரை மணி நேரத்தில் எழுதி நீட்டினான். ஒரு நோட்டுக் கூட மிஞ்சவில்லை, ஒரு பிள்ளை கூட விட்டுப் போகவில்லை! அவன் பேரை நான் எழுதப் போவதில்லை. கணக்கில் எப்போதும் அவன்தான் முதல். ஆங்கிலம் மட்டும் அவனுக்கு எட்டிக்காயாய்க் கசக்கும்.

அவனை இங்கே நிறுத்தி வைக்கிறேன். கடைசியில் திரும்ப வருவான்.

டவுன் ஹைஸ்கூல் நாட்கள்

ராமானுஜன் 1887-ஆம் ஆண்டு டிசம்பர் 22-ஆம் தேதி, ஈரோட்டில் தாய்வழித் தாத்தா வீட்டில் பிறந்தார். வளர்ந்தது கும்பகோணம் சாரங்கபாணி சன்னிதித் தெருவில். தந்தை சீனிவாச ஐயங்கார் ஒரு துணிக்கடையில் குமாஸ்தா. மாதச் சம்பளம் 20 ரூபாய் போல. தாய் கோமளத்தம்மாள் கெட்டிக்காரி, மகன்மேல் உயிரையே வைத்திருந்தவர். வீட்டில் வரும்படி பற்றாமல் வெளியூரிலிருந்து வந்து கல்லூரியில் படிக்கும் மாணவர்களுக்குத் தங்க இடம் கொடுத்திருந்தார்கள். கேட்டால் சாதாரண விஷயம்! ஆனால் அந்த மாணவர்களைக் கேள்வி கேட்டே கல்லூரிக் கணக்கைக் கற்றுக்கொண்டான் அந்தச் சிறுவன். கொஞ்ச நாளில் அவர்களிடம் இருந்த சரக்கு தீர்ந்து போச்சு!

1897 நவம்பரில் நடந்த ஆரம்பப் பள்ளித் தேர்வில் தஞ்சை மாவட்டத்திலேயே முதலிடம். அதனால் அடுத்த ஆண்டு டவுன் ஹைஸ்கூலில் சேர்ந்தபோது பள்ளிக் கட்டணத்தில் பாதிச் சலுகை கிடைத்தது. இந்தப் பாதிக் கட்டணத்தை மனசில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் ஒரு கடிதத்தில் இது திரும்ப வரும்.

இதே தேர்வில் ஒரு வேடிக்கையும் நடந்தது. கணக்கில் ராமானுஜனுக்கு 45-க்கு 42. கூடப் படித்த சாரங்கபாணிக்கு 43. ஒரே ஒரு மார்க்! அதற்காக அந்த நண்பனோடு பேசாமல் இருந்தாராம் நம்ம மேதை. மேதையும் நம்மைப் போல ஒரு பையன்தான் என்று இந்த இடத்தில் எனக்குத் தோன்றும்.

அவர் சிடுமூஞ்சி அல்ல. பெரிய வகுப்புப் பையன்கள் கணக்கு நோட்டைத் தூக்கிக்கொண்டு அவரைத் தேடி வருவார்களாம். அவரை மடக்கிப் பார்க்கவும் வருவார்கள். அப்படி வந்த ஒரு கணக்கைச் சொல்கிறேன், நீங்களும் போட்டுப் பாருங்கள். இரண்டு எண்கள். முதல் எண்ணின் வர்க்கமூலத்தோடு இரண்டாம் எண்ணைக் கூட்டினால் 7. முதல் எண்ணோடு இரண்டாம் எண்ணின் வர்க்கமூலத்தைக் கூட்டினால் 11. அந்த எண்கள் எவை? ராமானுஜன் அரை நிமிடத்தில் சொல்லிவிட்டார். விடை 9, 4. பார்க்கச் சின்னக் கணக்குதான், முறைப்படி போட ஆரம்பித்தால் நாலாம் படிச் சமன்பாட்டில் போய் நிற்கும். நம்ம முதலாமாண்டு கணக்குத் தாளில் வந்தால் எத்தனை பேர் தேறுவோம் என்று நினைத்துப் பார்க்கிறேன்.

பள்ளியின் மூத்த கணக்கு ஆசிரியர் கணபதி சுப்பையர். சுமார் 1200 மாணவர்கள், 35 ஆசிரியர்கள் கொண்ட பள்ளிக்கு, ஒரு வகுப்பு இன்னொன்றோடு மோதாமல் டைம்டேபிள் போடும் வேலையை அவர் ராமானுஜனிடம் கொடுத்தார். இதைப் படித்தபோதுதான் எனக்கு ரஃப் நோட்டில் கட்டம் போட்ட எங்க ஆள் ஞாபகத்துக்கு வந்தான்.

லோனி எழுதிய திரிகோணமிதிப் புத்தகத்தை இரவல் வாங்கி 13 வயதுக்குள் கரைத்துக் குடித்தார். 1903-இல், 16-ஆம் வயதில், கல்லூரி நண்பர்கள் மூலம் நூலகத்திலிருந்து கார் என்பவர் தொகுத்த ஒரு புத்தகம் கைக்கு வந்தது. ஏறக்குறைய 5000 தேற்றங்கள், பெரும்பாலும் நிரூபணம் இல்லாமல் அடுக்கி வைத்த புத்தகம். மற்றவனுக்கு அது தலையணை. அவருக்கோ ஒவ்வொரு வரியும் ஒரு சவால். புத்தகம் சொல்லாத நிரூபணங்களைத் தானே தேடினார். தேடும்போதே புதியதும் கிடைத்தது.

1904-இல் பள்ளி முடிக்கும்போது கணக்குக்கான ரங்கநாத ராவ் பரிசு அவருக்குத்தான். பரிசளிப்பு விழாவில் தலைமையாசிரியர் கிருஷ்ணசாமி ஐயர், முழு மதிப்பெண் கூட இந்த மாணவனுக்குப் போதாது என்று சபையில் பாராட்டினார். கைதட்டல் எப்படி இருந்திருக்கும்!

ஃபெயில்... மறுபடி ஃபெயில்!

அந்தக் கைதட்டல் அடங்குவதற்குள் அடி விழுந்தது. கும்பகோணம் அரசுக் கல்லூரியில் உதவித்தொகையோடு எஃப்.ஏ. வகுப்பில் சேர்ந்தார். எந்த வகுப்பு நடந்தாலும் இவர் நோட்டில் கணக்குதான் ஓடும். ஆங்கிலக் கட்டுரையில் தேறவில்லை. உதவித்தொகை போயிற்று. ஒரு டெர்முக்குக் கட்டணம் 32 ரூபாய், அப்பாவின் ஒன்றரை மாதச் சம்பளம். எங்கிருந்து கட்டுவது?

1905-இல் வீட்டில் சொல்லாமல் விசாகப்பட்டினத்துக்கு ஓடிப் போனார். பெற்றோர் பதறி, காணவில்லை என்று பத்திரிகையில் விளம்பரம் கொடுத்தார்கள். திரும்பி வந்தார். 1906-இல் சென்னை பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தார். அங்கே சிங்காரவேலு முதலியார் என்ற கணக்கு ஆசிரியர் இவரைப் பக்கத்தில் உட்கார வைத்து, பத்திரிகைகளில் வரும் கடினமான கணக்குகளைச் சேர்ந்தே போடுவாராம். ஆனால் உடலியல் என்று ஒரு பாடம் இருந்தது. செரிமானத்தைப் பற்றிய கேள்விக்கு, அந்தப் பாடம் எனக்குச் செரிக்கவில்லை என்கிற மாதிரி எழுதிவிட்டு வந்தவர் அவர். நடுவே வயிற்றுக்கடுப்பும் வந்து படுத்துவிட்டார். 1906-இல் ஃபெயில், 1907-இல் மறுபடி ஃபெயில். உடலியலில் நூற்றுக்குப் பத்து கூட வரவில்லை.

நண்பர்களே, அரியர் எழுதுகிறவர்கள் கொஞ்சம் நிமிர்ந்து உட்காருங்கள். ஆனால் ஒரு எச்சரிக்கை! ராமானுஜனே ஃபெயில்தான், நானும் ஃபெயில் ஆனால் என்ன என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். ஃபெயிலான பிறகு அவர் சும்மா இருக்கவில்லை. அதுதான் பாடம்.

திண்ணையும் ஸ்லேட்டும்

பட்டம் இல்லை. வேலை இல்லை. கும்பகோணத்து வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து ஸ்லேட்டில் கணக்குப் போடுவார். காகிதம் வாங்கக் காசு ஏது? போட்டதை முழங்கையால் அழித்துவிட்டு, விடையை மட்டும் நோட்டுப் புத்தகத்தில் ஏற்றுவார். டியூஷன் எடுத்தும் பார்த்தார், சரிப்படவில்லை. பாடத்தை விட்டு அவர் வேறு உலகத்துக்குப் போய்விடுவார், பையன் விழிப்பான்.

1909 ஜூலையில் ஜானகி என்ற சிறுமியோடு கல்யாணம் நடந்தது. அடுத்த ஆண்டு தொடக்கத்தில் ஓர் அறுவைச் சிகிச்சை செய்ய வேண்டி வந்தது. வீட்டில் பணம் இல்லை. ஒரு டாக்டர் காசு வாங்காமல் செய்தார்.

இதற்கப்புறம்தான் நான் சொல்ல வந்த இடம். கையில் நோட்டுப் புத்தகத்தோடு ராமானுஜன் சென்னைக்கும் கும்பகோணத்துக்கும் அலைந்த அந்த வருஷங்களில் அவர் பிழைத்தது எதனால்? நண்பர்களால்!

பச்சையப்பனில் கூடப் படித்த ராதாகிருஷ்ண ஐயர், உடம்பு முடியாமல் வந்தவரைத் தன் அறையில் தங்க வைத்தார், டாக்டரிடம் கூட்டிப் போனார், ரயில் ஏற்றி ஊருக்கு அனுப்பினார். புறப்படும்போது, தான் இறந்துவிட்டால் இன்னாரிடம் சேர்க்கும்படி சொல்லித் தன் இரண்டு நோட்டுப் புத்தகங்களையும் ராமானுஜன் அவரிடம்தான் ஒப்படைத்தார். ஒரு மனிதன் தன் உயிருக்குச் சமமானதை வகுப்புத் தோழனிடம் கொடுத்துவிட்டுப் போகிறான். இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்குத் தொண்டை அடைக்கும்.

1910-இல் திருக்கோவிலூரில் டெபுடி கலெக்டராக இருந்த ராமசாமி ஐயரைப் போய்ப் பார்த்தார். இந்தியக் கணிதச் சங்கத்தை 1907-இல் தொடங்கியவர் அவர். நோட்டைப் புரட்டியதும் அசந்து போனார். தாலுகா ஆபீசில் ஒரு குமாஸ்தா வேலை கொடுத்து இவரை மடக்கிப் போட அவருக்கு மனசு வரவில்லை. சென்னைக்குச் சிபாரிசுக் கடிதம் கொடுத்து அனுப்பினார். அப்படியே பழைய கும்பகோணம் பேராசிரியர் சேஷு ஐயர், அவர் வழியாக நெல்லூர் கலெக்டர் ராமச்சந்திர ராவ் என்று சங்கிலி நீண்டது.

ராமச்சந்திர ராவுக்கு முதலில் சந்தேகம். இந்தப் பையன் எங்கிருந்தோ எழுதிக்கொண்டு வந்து ஏமாற்றுகிறானோ? அப்போது குறுக்கே வந்து பேசியவர் ராமானுஜனின் கும்பகோணத்து நண்பர் சி.வி.ராஜகோபாலாச்சாரி. நம்ம ராஜாஜி இல்லைங்க, இவர் வேறு. இவன் அப்படிப்பட்டவன் இல்லை, இன்னொரு தடவை பொறுமையாய்க் கேளுங்கள் என்று மன்றாடினார். கலெக்டர் கேட்டார், நம்பினார். என்ன வேண்டும் என்று விசாரித்தபோது, கணக்குப் போட்டுக்கொண்டே சாப்பிடும் அளவுக்கு ஏதாவது வழி இருந்தால் போதும் என்றாராம் ராமானுஜன். மாதம் 25 ரூபாய் தன் கையிலிருந்து கொடுத்தார் ராவ்.

யோசித்துப் பாருங்கள். ஒரு நண்பர் வாய் திறக்காமல் இருந்திருந்தால்?

துறைமுகத்திலிருந்து கேம்பிரிட்ஜுக்கு

1911-இல் இந்தியக் கணிதச் சங்கத்தின் இதழில் அவரது முதல் கட்டுரை வந்தது. 1912 மார்ச் 1-ஆம் தேதி சென்னைத் துறைமுகத்தில் 30 ரூபாய் சம்பளத்தில் குமாஸ்தாவானார். அங்கே மேனேஜர் நாராயண ஐயரும் கணக்குப் பிரியர். ராத்திரியில் இருவரும் ஆளுக்கொரு ஸ்லேட்டோடு உட்கார்ந்துவிடுவார்கள். மேலதிகாரி சர் பிரான்சிஸ் ஸ்பிரிங்கிடம் இவருக்காகப் பேசியவரும் அவரே.

1913 ஜனவரி 16-ஆம் தேதி கேம்பிரிட்ஜ் பேராசிரியர் ஹார்டிக்கு ராமானுஜன் எழுதிய கடிதம் உலகப் பிரசித்தம். அதற்கு முன் வேறு இரண்டு பெரிய பேராசிரியர்களுக்கு எழுதிப் பலன் இல்லை. ஹார்டி முதலில் இது ஏதோ மோசடி என்றுதான் நினைத்தார். அன்று இரவே நண்பர் லிட்டில்வுட்டோடு உட்கார்ந்து பார்த்தபின், எழுதியவன் முதல் தரமான மேதை என்று முடிவு கட்டினார். சென்னைப் பல்கலைக்கழகம் மாதம் 75 ரூபாய் உதவித்தொகை கொடுத்தது. எஃப்.ஏ. தேறாதவருக்கு! 1914 மார்ச் 17-ஆம் தேதி கப்பல் ஏறினார்.

அதன் பிறகு நடந்தது எல்லாப் புத்தகத்திலும் இருக்கிறது. 1916-இல் கேம்பிரிட்ஜ் பட்டம். 1918-இல் ராயல் சொசைட்டி உறுப்பினர், அதே ஆண்டு டிரினிட்டி கல்லூரியின் ஃபெல்லோ. போர்க்காலம், ஒத்துக்கொள்ளாத குளிர், சைவச் சாப்பாட்டுக்குத் திண்டாட்டம், தனிமை. உடம்பு உருக்குலைந்தது. ஆஸ்பத்திரியில் பார்க்க வந்த ஹார்டி, தான் ஏறி வந்த டாக்சியின் எண் 1729, சுவாரசியமே இல்லாத எண் என்று சொல்ல, படுக்கையில் இருந்தபடியே ராமானுஜன் மறுத்தார். இரண்டு முப்படிகளின் கூட்டுத்தொகையாக இரண்டு விதமாய் எழுதக்கூடிய மிகச் சிறிய எண் அதுதான் என்றார். 12-இன் முப்படியோடு 1-இன் முப்படி, 10-இன் முப்படியோடு 9-இன் முப்படி. கூட்டிப் பாருங்கள்!

ஆனால் என்னை உலுக்கியது 1729 அல்ல. 1919 ஜனவரியில் அவர் சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு எழுதிய கடிதம்தான். ஆண்டுக்கு 250 பவுண்டு தருவதாகப் பல்கலைக்கழகம் அறிவித்திருந்தது. நன்றி சொன்ன ராமானுஜன், அது தனக்குத் தேவைக்கு மேல் என்றார். பெற்றோருக்கு 50 பவுண்டு கொடுத்து, தன் அவசியச் செலவு போக மிச்சத்தை ஏழைப் பையன்களும் அநாதைகளும் கட்டும் பள்ளிக் கட்டணத்தைக் குறைக்கவும், பள்ளிகளுக்குப் புத்தகம் வாங்கவும் செலவிடும்படி கேட்டுக்கொண்டார்.

பாதிக் கட்டணத்தில் டவுன் ஹைஸ்கூலில் சேர்ந்த அந்தப் பத்து வயசுப் பையன் தன் கடனைத் திருப்பிக் கொடுக்க நினைத்தான், அவ்வளவுதான்!

1919 மார்ச்சில் நாடு திரும்பினார். படுக்கையிலும் கணக்கு நிற்கவில்லை. 1920 ஜனவரியில் கூட ஹார்டிக்குப் புதுக் கண்டுபிடிப்பைப் பற்றிக் கடிதம் எழுதினார். 1920 ஏப்ரல் 26-ஆம் தேதி சென்னை சேத்துப்பட்டில் கண் மூடினார். வயது 32.

ஒரு பள்ளிக்கூட மாணவர்கள் செய்தது

இவ்வளவு விவரம் நமக்கு எப்படிக் கிடைத்தது? அதில் ஒரு பள்ளிக்கும் பங்கு உண்டு. சென்னை முத்தியாலுப்பேட்டை உயர்நிலைப் பள்ளியில் பி.கே.சீனிவாசன் என்ற கணக்கு ஆசிரியர் இருந்தார். அங்கே நம்பர் ஃபிரெண்ட்ஸ் சொசைட்டி, அதாவது எண்களின் நண்பர்கள் என்று ஒரு மாணவர் சங்கம். ராமானுஜனோடு பழகியவர்களைத் தேடித் தேடி, நினைவுகளையும் பழைய கடிதங்களையும் சீனிவாசன் சேகரித்தார். சங்கத்தின் பழைய மாணவர்கள் 1968-இல் அவற்றைப் புத்தகமாக வெளியிட்டார்கள். உலகத்தில் யார் ராமானுஜன் வாழ்க்கையை எழுதினாலும் அந்தப் புத்தகத்தைப் புரட்டாமல் எழுத முடியாது. பள்ளிக்கூடத்துச் சங்கம்தானே என்று யாரும் நம்மை இளக்காரமாய்ப் பார்த்தால் இதைச் சொல்லுங்கள்!

மறுபடி எங்க வகுப்பு

இப்போது கடைசி பெஞ்சுக்கு வருகிறேன். 2024-இல் பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்தது. எங்க ஆளுக்குக் கணக்கில் 97. ஆங்கிலத்தில் 35 எட்டவில்லை. ஃபெயில். நாங்க எல்லாரும் மேல்நிலை, ஐ.டி.ஐ., பாலிடெக்னிக் என்று பிரிந்து போனோம். துணைத் தேர்வுக்கு அவன் பணம் கட்டினானா, யாராவது கேட்டோமா? இல்லை. முகம் தெரியாத பிள்ளைகளுக்கு வெள்ளத்தில் நோட்டுக் கொண்டு போன நாங்க, பக்கத்துப் பெஞ்சுக்காரன் முழுகினபோது பார்க்கவே இல்லை. இதில் பள்ளியையோ ஆசிரியர்களையோ நான் குறை சொல்ல மாட்டேன். தப்பு எங்க மேல்தான்.

போன வருஷம் ராதாகிருஷ்ண ஐயர் கதையைப் படித்த ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. மறுநாளே விசாரித்துக்கொண்டு போனேன். எஸ்டேட்டில் ஒரு சின்ன லேத் பட்டறையில் ஹெல்பர். மைக்ரோமீட்டர் பிடிக்க அவனே கற்றுக்கொண்டு இருந்தான். என்னைப் பார்த்ததும் சிரித்தான், அப்புறம் டீ வாங்கிக் கொடுத்தான். கோபித்திருந்தால் கூட எனக்கு நிம்மதியாய் இருந்திருக்கும்.

பழைய வகுப்பில் ஆறு பேரைப் பிடித்தேன். ஞாயிற்றுக்கிழமைதோறும் அவன் வீட்டு மாடியில் ஆங்கிலம். எங்களுக்கு வந்த அளவுக்கு நாங்க சொல்லித் தருகிறோம். பதிலுக்கு எங்க இன்ஜினியரிங் கணக்கை அவன் புத்தகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டு எங்களுக்குத் திருப்பிச் சொல்லித் தருகிறான்! எங்களில் இரண்டு பேருக்கு அரியர் கிளியர் ஆனது அவனால்தான். தேர்வுக்குப் பணம் கட்டியாச்சு. எழுதப் போகிறான். இந்த மலர் உங்கள் கைக்கு வரும்போது ரிசல்ட் என்னவாக இருக்கும், எனக்குத் தெரியாது. தேறாவிட்டால் அடுத்த ஞாயிற்றுக்கிழமையும் மாடியில்தான் இருப்போம்.

அவன் ராமானுஜன் என்று நான் சொல்லவில்லை. ராமானுஜன் ஒருவர்தான். ஆனால் ராதாகிருஷ்ண ஐயராகவும் ராஜகோபாலாச்சாரியாகவும் இருப்பதற்கு மேதை ஆக வேண்டியதில்லையே நண்பர்களே! அறையில் ஒரு பாய் விரிக்க இடம், சரியான நேரத்தில் ஒரு வார்த்தை. அது ஆவடியில் ஏறி அம்பத்தூரில் இறங்குகிற நம்மாலும் முடியும்.

திங்கட்கிழமை வகுப்புக்குப் போனதும் ஒரு தடவை திரும்பிப் பாருங்கள். உங்கள் வகுப்பில் எந்த பெஞ்ச் காலியாக இருக்கிறது?